கையெழுத்துப் போட்டாச்சு, இனி ராணுவத்துக்குப் போயே ஆகணுமா?

கலிஃபோர்னியாவில், எஸ்கான்டிடோவில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: பக்கத்து வீட்டு மெக்சிகோ குடும்பத்துப் பையனுக்கு 17 வயது, பன்னிரண்டாவது படிக்கிறான். பள்ளிக்கூடத்துக்கே வந்து பேசிய ரெக்ரூட்டர் (ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர்), தரைப்படையில் சேர அவனிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். ஆங்கிலம் சரியாகத் தெரியாத பெற்றோரும் சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் கிளம்ப வேண்டுமாம். இப்போது அவனுக்கு கம்யூனிட்டி காலேஜில் படிக்க ஆசை. "பின்வாங்கினால் போலீஸ் வரும், அப்பாவின் குடியேற்றப் பேப்பரும் சிக்கலாகும்" என்று ரெக்ரூட்டர் சொல்கிறார். 1,500 டாலர் கொடுத்தால் ரத்து செய்து தருகிறேன் என்கிறார் கடைத்தெருவில் பேப்பர் வேலை பார்த்துத் தரும் ஒரு நோட்டாரியோ. என்ன செய்வது?

போலீஸ் வராது. 1,500 டாலரும் தர வேண்டாம். இந்த இரண்டையும் இன்றைக்கே அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், பாவம் தூங்காமல் இருப்பார்.

பையன் சேர்ந்திருப்பது 'டிலேய்டு என்ட்ரி புரோகிராம்' எனப்படும் காத்திருப்புப் பட்டியலில். கையெழுத்துப் போட்ட அன்று ஒரு உறுதிமொழி எடுக்கவைத்திருப்பார்கள், அதனால்தான் எல்லாம் முடிந்துவிட்டது என்று பயப்படுகிறார்கள். உண்மையில், பயிற்சி முகாமுக்குக் கிளம்பும் நாளில் இரண்டாவது முறை உறுதிமொழி எடுத்து, மறுபடியும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவன் முழுநேரப் படைவீரன் ஆகிறான். அதுவரை எந்தக் காரணத்துக்காகவும் விலகலாம். இப்படி விலகினால் அரசு வேலை கிடைக்காது, கல்லூரி உதவித்தொகை போய்விடும் என்பதெல்லாம் பொய். விலக நினைப்பவனை ரெக்ரூட்டர் மிரட்டக் கூடாது என்று ராணுவத்தின் சொந்த விதியே சொல்கிறது, ஆனாலும் இந்தப் போலீஸ் கதை என் காதுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது, சொன்ன ரெக்ரூட்டருக்கு ஏதாவது ஆனதாக மட்டும் ஒருநாளும் வருவதில்லை.

பையன் ஒரு கடிதம் எழுதினால் போதும். பெயர், பிறந்த தேதி, கையெழுத்துப் போட்ட தேதி, "கல்லூரியில் படிக்க முடிவு செய்திருக்கிறேன், என்னை விடுவிக்கவும்" என்று நாலு வரி. அதை அந்த வட்டார ஆள்சேர்ப்புத் தளபதிக்கு, போய்ச் சேர்ந்ததற்கு ரசீது வரும் தபாலில் அனுப்பி, நகலை வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். நேரில் வந்து ஒரு ஃபார்மில் கையெழுத்துப் போட்டால்தான் ரத்தாகும் என்பார்கள். போகவே வேண்டாம். தனியாகப் போகிற பையன் பல நேரம் மனசு மாறித்தான் திரும்புவான். முக்கியமாக, கிளம்பும் நாளில் "சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்" என்று பயிற்சி முகாமுக்கு ஆட்களை அனுப்பும் மையத்துக்குள் கால் வைக்கக் கூடாது. பதில் கடிதம் வராவிட்டாலும் அன்றைக்குப் போகாமல் இருந்தால் சரி.

ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அந்தத் தாளில் 'நேஷனல் கார்டு' (National Guard, மாநிலங்களின் பகுதிநேரப் படை) என்று எங்காவது இருக்கிறதா? இருந்தால் நான் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அதில் சேர்ந்தவன் முகாமுக்குப் போகும் முன்பே, கையெழுத்துப் போட்ட உடனேயே, படையின் உறுப்பினர். மாதம் ஒரு வார இறுதி பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள், போகாமல் இருந்தால் அது விடுப்பில்லாமல் வராத கணக்கில் சேரும். அவனும் விலகலாம், ஆனால் வழி வேறு, நாளும் ஆகும், சும்மா வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. பையன் "ஆர்மிதான் ஆன்ட்டி" என்பான், இரண்டுக்கும் சீருடை ஒன்றுதான், அவனுக்கே வித்தியாசம் தெரிந்திருக்காது. அதனால் அவன் சொல்வதை நம்பாமல் தாளைப் பாருங்கள். நேஷனல் கார்டு என்றிருந்தால், அல்லது சந்தேகமாக இருந்தால், ஜி.ஐ. ரைட்ஸ் ஹாட்லைனை (877-447-4487) கூப்பிடச் சொல்லுங்கள். ராணுவத்தைச் சேராத ஆலோசகர்கள், காசு வாங்குவதில்லை.

அந்த நோட்டாரியோ விஷயத்துக்கு வருகிறேன். மெக்சிகோவில் நோட்டாரியோ என்றால் சட்டம் படித்த பெரிய ஆள். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி முத்திரை குத்துபவர், அவ்வளவுதான். ஊரிலிருந்து கொண்டுவந்த அந்த மரியாதையை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். ஒரு தபால் செலவில் முடிகிற வேலைக்கு 1,500 டாலர்! அதைவிட ஆபத்து, குடியுரிமை விண்ணப்பத்தையும் நான் போட்டுத் தருகிறேன் என்று ஆரம்பிப்பார்கள். தப்பான விண்ணப்பம் ஒன்று போதும், அப்பா நாடுகடத்தும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

அப்பாவின் பேப்பரைத் தொட ரெக்ரூட்டருக்கு எந்த அதிகாரமும் இல்லை. பையன் சேர்ந்தால் பெற்றோருக்கு கிரீன் கார்டு என்று ஆசை காட்டியிருந்தால் அதுவும் கிடையாது. பிள்ளை குடிமகனாகவும் 21 வயது ஆனவனாகவும் இருந்தால்தான் பெற்றோருக்கு மனுப் போட முடியும், சீருடை அந்த வயதைக் குறைக்காது. பையனே கிரீன் கார்டில் இருந்தாலும், படையில் சேர்ந்ததும் குடியுரிமை தானாக வந்துவிடாது, விண்ணப்பித்து வாங்க வேண்டும். கிரீன் கார்டோடு அமெரிக்க ராணுவத்தின் 82வது வான்வழிப் படைப்பிரிவில் இருந்த ஹெக்டர் பராஹாஸ் பிற்பாடு ஒரு குற்றத்துக்காக மெக்சிகோவுக்கு நாடுகடத்தப்பட்டார். மெக்சிகோவின் எல்லை நகரமான திஹுவானாவில் தன்னைப் போன்ற முன்னாள் வீரர்களுக்காக ஒரு இல்லம் நடத்திக்கொண்டு, 2018இல்தான் குடியுரிமை பெற்றார்.

உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. திஹுவானாவிலிருந்து எஸ்கான்டிடோவுக்குக் குடிவந்தவர் ஃபெர்னாண்டோ சுவாரஸ் டெல் சோலார். அவர் மகன் ஹெசூஸ், அமெரிக்காவின் மரீன் படையில் சேர்ந்து, 2003 மார்ச் 27 அன்று இராக்கில் அமெரிக்கப் படையே வீசி, வெடிக்காமல் கிடந்த கொத்துக்குண்டை மிதித்து இறந்தான். அதன்பிறகு அந்த அப்பா பள்ளி பள்ளியாகப் போய், கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள் என்று லத்தீனோப் பிள்ளைகளிடம் பேசினார். 2006 மார்ச்சில், காந்தியின் தண்டி யாத்திரையின் 241 மைல் கணக்கை மனதில் வைத்து, திஹுவானாவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அமைதி நடைப்பயணம் போனவர்களில் அவரும் ஒருவர். அவர் சொன்னது போலவே அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்: இதில் எழுதாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்று அதிலேயே இருக்கிறது. மொத்தக் கடப்பாடு 8 வருஷம் என்பதும் இருக்கிறது. ரெக்ரூட்டர் வாயால் சொல்லும்போது முழுநேரச் சேவையான நாலு வருஷம் மட்டும்தான் கேட்கும்.

அந்த வீட்டில் ஹை ஸ்கூல் படிக்கும் தங்கையோ தம்பியோ இருந்தால் இன்னொரு வேலையும் இருக்கிறது. பெற்றோர் எழுதிக் கொடுத்துத் தடுக்காவிட்டால், ரெக்ரூட்டர் கேட்டதும் பிள்ளையின் பெயர், முகவரி, போன் நம்பரைப் பள்ளி கொடுத்தாக வேண்டும், மத்தியச் சட்டம் அப்படி. தடுப்பதற்கான ஃபார்ம் பல இடங்களில் வருஷ ஆரம்பத்தில் கட்டுக்கட்டாக வரும் தாள்களுக்கு நடுவே கிடக்கும், ஸ்பானிஷ் மட்டும் படிக்கும் அம்மா அதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று எந்த அதிகாரியும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஃபார்ம் கிடைக்காவிட்டால், "என் பிள்ளையின் விவரங்களை ராணுவத்துக்குத் தரக் கூடாது" என்று வெள்ளைத்தாளில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டுப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்தால் செல்லும். கொடுத்ததற்கு ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.