கடலைப் பார்த்த தார்சாலுக்குக் கண்ணாடி போடலாமா?

வீடு கட்டுவது, பழுது பார்ப்பது பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: உவரியில் கடலைப் பார்த்த பழைய ஓட்டு வீடு எங்களுடையது. முன்னால் 24 அடி நீளம், 8 அடி அகலத்தில் தார்சால், அதாவது திறந்த வராந்தா. மாமியாருக்கு 82 வயது. காலையில் காப்பி குடித்ததிலிருந்து இருட்டும்வரை அங்கேதான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனி, ஆடியில் மண் பறந்து கண்ணைத் திறக்க முடியவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சாரல் நடுவீடுவரை அடிக்கிறது. கனடாவில் இருக்கும் மகன் 'சன்ரூம்' என்று ஒரு படம் அனுப்பியிருக்கிறான். இங்கே ஒருவர், தார்சாலுக்கு முன்னால் இன்னும் ஆறடி நீட்டி, மூன்று பக்கமும் மேலேயும் கண்ணாடி, அலுமினியச் சட்டம் என்று கணக்குப் போட்டுத் தந்திருக்கிறார். செய்யலாமா? கடல் எங்கள் வீட்டிலிருந்து 150 மீட்டர்கூட இருக்காது.
— வாசகி, உவரி

பதில்: தார்சாலை அடைக்கலாம் அம்மா. ஆனால் மேலே கண்ணாடி வேண்டவே வேண்டாம். முன்னால் ஆறடி நீட்டவும் வேண்டாம்.

உங்கள் மகன் இருக்கும் ஊரில் மார்கழி, தை மாதங்களில் சூரியன் தாழ்வாகப் போகும். வெளியே பனி கொட்டும்போது, கிடைக்கிற கொஞ்ச வெயிலை வீட்டுக்குள் பிடித்து வைக்கத்தான் அங்கே கண்ணாடி அறை கட்டுகிறார்கள். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். அதில் சுட்ட தரையும் சுவரும் வெளியிடும் சூட்டைத் திரும்ப வெளியே விடாது. அங்கே அது வரம். நம் பக்கமோ பூமத்திய ரேகைக்கு எட்டரை பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சித்திரையில் பதினொரு மணிக்கு அந்தக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே 82 வயது மனுஷியை உட்கார வைக்க முடியுமா? ஏ.சி. போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். கடல் காற்றை மறித்துவிட்டு ஏ.சி. போடுவதை என் மனசு ஒப்பவில்லை.

இப்போதுள்ள ஓட்டுக்கூரை அப்படியே இருக்கட்டும். வெளிச்சம் போதவில்லை என்றால் ஓட்டுக்கு இடையில் நாலைந்து கண்ணாடி ஓடு செருகுங்கள். நம் பழைய வீடுகளில் அடுக்களைக்கு அப்படித்தான் வெளிச்சம் வந்தது.

ஆறடி நீட்ட வேண்டாம் என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிப்படி, கிராமப்புறங்களில் கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கையில், மக்கள் நெருக்கமான ஊர்களுக்கு, அதாவது 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருக்கும் இடங்களுக்கு, இது 50 மீட்டராகக் குறைந்தது. உங்கள் வீடு எந்தப் பிரிவில் வருகிறது என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு, வரைபடத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். தடை உள்ள இடத்திலும், அனுமதியோடு இருக்கும் பழைய வீட்டை அதன் அடித்தளப் பரப்பு கூடாமல் பழுது பார்க்க வழி இருக்கிறது. தார்சாலின் பழைய எல்லைக்குள் ஜன்னல் வைப்பது ஒன்று, ஆறடி முன்னால் புது அஸ்திவாரம் தோண்டுவது வேறொன்று. கணக்குப் போட்டுத் தந்தவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு காரணம் என் சொந்த அனுபவம். 1994இல் கூடுதாழையில் என் அக்கா வீட்டுக்கு முன்னால் இதே மாதிரி நீட்டிக் கொடுத்தேன். நாலு கான்கிரீட் தூண், நடுவில் இரும்புச் சட்டம், இரும்பு கிரில், ரெட் ஆக்சைடு அடித்து மேலே பச்சை பெயிண்ட். நான் வாரத்துக்கு ஒரு நாள்தான் போய்ப் பார்த்தேன். நான் இல்லாத நாட்களில் கொத்தனார் பக்கத்துக் கிணற்று உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருக்கிறார். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே ஒரு அங்குலம்கூடக் கான்கிரீட் இல்லை. நாலாம் வருஷம் ஜன்னல் கீல் திரும்பவில்லை. ஆறாம் வருஷம் தூணில் மேலிருந்து கீழாக நீளக் கீறல் விழுந்தது. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அது உள்ளேயிருந்து வீங்கித் தூணைப் பிளந்துவிட்டது. ஒரு நாள் காலையில் அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, கையகலக் காரை பெயர்ந்து பக்கத்தில் விழுந்திருக்கிறது. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த வாசலைத் தாண்டும்போது அது என்னை உறுத்துகிறது. 2001இல் எல்லாவற்றையும் இடித்துவிட்டு, வைரம் பாய்ந்த பனங்கையும் பூவரசுச் சட்டமுமாகக் கட்டினேன். அது நிற்கிறது.

எங்காவது தூண் வைத்தே ஆகவேண்டும் என்றால், கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கடற்கரைக் காற்றைக் 'கடுமை' என்ற வகையில் வைத்திருக்கிறது. அதற்கு எம்30 என்ற வலுவுள்ள கான்கிரீட் வேண்டும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூடல், அதாவது கவர், வேண்டும். கம்பியை அந்த இடைவெளியில் நிறுத்தும் கவர் பிளாக்கைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே சென்ட்ரிங் பலகை அடிக்க விடுங்கள். தண்ணீர் குடிக்கிற தண்ணீராக இருக்க வேண்டும்.

சரி, அடைப்பது எப்படி? உங்கள் தார்சால் தென்கிழக்கு பார்த்தது என்று வைத்துக்கொள்கிறேன். மண்ணை அள்ளிக்கொண்டு வருவது கடல்காரர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று. அது உங்களுக்குத் தென்மேற்குப் பக்கவாட்டில் மோதும். அங்கே மூன்றடிச் சுவர், அதற்கு மேல் திறக்க முடியாத கண்ணாடி, கூரையை ஒட்டி ஒரு அடிக்குச் சாய்ந்த மரப்பட்டைகள். மண் தடைபடும், சூடு மேலே போய்விடும். வடகிழக்குப் பக்கம் மழையும் வாடையும் வரும் வழி. அங்கே மூடித் திறக்கிற மரக்கதவு போதும். மழை இல்லாத மாதங்களில் திறந்தே கிடக்கட்டும்.

கடல் பக்கம்தான் முக்கியம். உங்கள் மாமியாரை வழக்கமான நாற்காலியில் உட்கார வைத்து, தரையிலிருந்து அவர்கள் கண் எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்றரை அடி வரும். ஜன்னல் அடிச்சுவர் இரண்டடிக்கு மேல் போனால், அவர்களுக்கு வானம் தெரியும், கரையில் வள்ளம் இழுப்பது தெரியாது. ஜன்னல் சட்டத்தின் குறுக்குக் கட்டையும் அந்தக் கண் உயரத்தில் வரக்கூடாது. இதை ஆசாரியிடம் நீங்களே நின்று சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்துக்குத் தள்ளு ஜன்னல் நல்லது. வெளியே திறக்கும் கதவை ஆடிக்காற்று ஒரே அடியில் கீலோடு பிடுங்கிவிடும். தள்ளு ஜன்னலின் தடத்தில் மண் சேரும். வாரம் ஒரு தடவை பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்டிவிட வேண்டும், வேறு வழியில்லை. கண்ணாடி டஃபன்டு வகையாக, குறைந்தது 5 மில்லிமீட்டர் இருக்கட்டும். உடைந்தாலும் கத்தி மாதிரிக் கிழிக்காமல் கல்லுப்பு மாதிரிச் சிதறும். சூளையில் பதப்படுத்திய பிறகு அதை அறுக்க முடியாது. அதனால் அளவு எடுப்பதில் அவசரம் வேண்டாம்.

சட்டத்துக்கு யுபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக் எடுக்கலாம். உள்ளே வலுவுக்காக இரும்புப் பட்டை வைப்பார்கள். அது துத்தநாக முலாம் பூசியதா என்று அறுத்த முனையைக் காட்டச் சொல்லுங்கள். அலுமினியத்தில் இரும்பு ஸ்க்ரூ போட்டால், உப்பு ஈரம் பட்டுப் பட்டு, ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். உங்கள் ஊரில் முதலில் போவது சட்டம் இல்லை. தாழ்ப்பாள், உருளை, ஸ்க்ரூ, இவைதான். ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஸ்க்ரூ ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாகத் தரை. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திறந்த தார்சாலில் விழுந்த தண்ணீர் தானாக வெளியே ஓடிவிடும். இரண்டடிச் சுவர் வைத்துவிட்டால் உள்ளே தேங்கி நடுவீட்டுக்கு வரும். எட்டடி அகலத்துக்கு ஒரு அங்குலம் வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து, சுவர் அடியில் நாலு இடத்தில் தண்ணீர் போக ஓட்டை விடுங்கள். பூரான் வராமல் சல்லடை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மாடிப்படிக்கும் ஜன்னலுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டோம். எட்டே மாதத்தில் பழுப்புப் புள்ளி. காந்தம் ஒட்டவில்லை, அசல்தான் என்கிறார் கடைக்காரர்.
— வாசகர், மணப்பாடு

பதில்: சாதாரண இரும்பைக் கண்டுபிடிக்கத்தான் காந்தம் உதவும். 202, 304, 316 ஆகிய மூன்று ரகத்திலும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது. குறைந்த விலையில் கிடைப்பது 202. அதில் நிக்கல் குறைவு, கடற்கரைக்கு ஆகாது. 304கூட அலைச்சாரல் படும் இடத்தில் புள்ளி விழும். 316இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். வாங்கும்போது ரகத்தின் எண்ணை பில்லில் எழுதி வாங்குங்கள்.

இப்போது இருப்பதைக் கழற்ற வேண்டாம். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துவிடுங்கள். மழை நனைக்காத அடிப்பக்கத்தில்தான் உப்பு படிந்து கிடக்கும், அங்கே அழுத்தித் துடைக்கவும். இரும்பு நாரால் மட்டும் தேய்க்காதீர்கள். அந்த நாரின் துணுக்கு ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடிக்கும்.

கேள்வி: தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், தகரக் கூரை போட்டு, மேற்கே மட்டும் திறந்துவிட்டு மற்ற மூன்று பக்கமும் அடைக்க நினைக்கிறோம். காற்று தாங்குமா?
— வாசகர், இடிந்தகரை

பதில்: தாங்காது. மேற்கிலிருந்து நுழையும் காற்று வெளியேற வழியில்லாமல் தகரத்தைக் கீழிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று அதையே உறிஞ்சி இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் கூரை போய்விடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது உங்கள் பக்கமும் காற்று எப்படி வீசியது என்று நினைத்துப் பாருங்கள்.

மேற்கை அடையுங்கள், கிழக்கைத் திறந்துவிடுங்கள். தூண்களை வெறும் கைப்பிடிச் சுவரில் நிறுத்தாமல், கீழே உள்ள பீமோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஓரங்களிலும் மூலைகளிலும்தான் இழுப்பு அதிகம் என்பதால் அங்கே ஸ்க்ரூவை நெருக்கி அடிக்கச் சொல்லுங்கள். வேலையை வைகாசிக்குள் முடித்துவிடுங்கள். ஆனி பிறந்துவிட்டால் தகரத்தை மேலே ஏற்றுவதே ஆளுக்கு ஆபத்து.