மெல்போர்னில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

கேள்வி: பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் விசா) கிடைத்து நவம்பரில் குடும்பத்தோடு மெல்போர்ன் போகிறோம். கணவருக்கு டாக்லண்ட்ஸில் ஐடி வேலை. நான் நர்ஸ், அங்கே பதிவு முடிந்துவிட்டது, பார்க்வில்லில் ஒரு மருத்துவமனையில் ஜனவரியில் சேர வேண்டும். மகளுக்கு அக்டோபரில் பன்னிரண்டு முடிகிறது. மகனுக்கு அடுத்த மே மாதம் ஐந்து முடியும். கணவரின் நண்பர்கள் டார்னிட், பாயிண்ட் குக் பக்கம் வரச் சொல்கிறார்கள். என் அண்ணி, ஸ்கூலுக்காக கிளென் வேவர்லிதான் நல்லது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அவரவர் வீட்டுக்கு அவரவர் சொல்வது சரிதான். ஆனால் அவர்கள் யாருக்கும் காலை ஏழு மணிக்குப் பார்க்வில்லில் டியூட்டி இல்லையே. அதனால் சபர்ப் (புறநகர்ப் பகுதி) பெயர்களைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அது குளிர்காலம், காலை ஏழரை வரை சூரியன் வராது. அந்த இருட்டில் நீங்கள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், மகனை யார் எங்கே விடுவது, மகள் எப்படிப் பள்ளிக்குப் போவாள், மாலை ஆறு மணிக்குள் மகனை யார் கூட்டி வருவது? ஒரு தாளில் நேரம் போட்டு எழுதுங்கள். எந்த ஏரியா என்ற கேள்வியில் பாதி அந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

முதலில் ரயில். 2025 நவம்பர் 30 அன்று மெட்ரோ டனல் திறந்தார்கள், அதில் பார்க்வில்லுக்கென்றே ஒரு ஸ்டேஷன் வந்துவிட்டது. மேற்கே சன்பரி லைனும் தென்கிழக்கே கிரான்போர்ன், பாக்கன்ஹாம் லைன்களும் இப்போது இந்தச் சுரங்கம் வழியாகத்தான் ஓடுகின்றன. உங்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் இதே மாற்றத்தால் அந்த வண்டிகள் சதர்ன் கிராஸ் ஸ்டேஷனுக்குப் போவதில்லை, டாக்லண்ட்ஸுக்கு நடந்து போக வசதியான ஸ்டேஷன் அதுதான். 'கிளேட்டனில் ஏறினால் நேரே சதர்ன் கிராஸில் இறங்கலாம்' என்று மூன்று வருடத்துக்கு முன்னால் வந்தவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. ஊரில் ரொம்ப நாளாக இருப்பவர் சொல்லும் வழியையும் இன்றைய கால அட்டவணையில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

டார்னிட்டில் ஓடுவது மெட்ரோ வண்டி இல்லை, ஜீலாங் என்ற வெளியூரிலிருந்து வரும் வீலைன் வண்டி. 2015-இல்தான் அங்கே ஸ்டேஷன் வந்தது. சதர்ன் கிராஸுக்கு அரை மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும், உங்கள் கணவருக்கு அது நன்றாகவே ஒத்துவரும். ஆனால் வண்டி ஜீலாங்கிலேயே கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வருவதால் காலையில் நின்றுகொண்டு போகும்படி ஆகலாம். நீங்கள் ஃபுட்ஸ்கிரேயிலோ சன்ஷைனிலோ இறங்கி சன்பரி லைன் வண்டிக்கு மாற வேண்டும். பாயிண்ட் குக்கில் ஸ்டேஷனே கிடையாது. பஸ்ஸிலோ காரிலோ வில்லியம்ஸ் லாண்டிங் வரை போக வேண்டும், கார் பார்க்கிங் சீக்கிரம் நிரம்பிவிடும். கிளென் வேவர்லியில் லைன் அங்கேயே தொடங்குவதால் உட்கார இடம் கிடைக்கும், நகரத்துக்கு ஏறக்குறைய நாற்பது நிமிடம், அதற்கு மேல் நீங்கள் ஒருமுறை வண்டி மாற வேண்டும்.

இந்தக் கணக்கில் நான் உங்கள் இடத்தில் இருந்தால் நீங்கள் சொல்லாத இரண்டு பெயர்களை முதலில் பார்ப்பேன்: சன்ஷைன், வெஸ்ட் ஃபுட்ஸ்கிரே. இரண்டும் சன்பரி லைனில் இருக்கின்றன, பார்க்வில்லுக்கு ஒரே வண்டி. கணவருக்கு சன்ஷைனில் வீலைனே நிற்கும், வெஸ்ட் ஃபுட்ஸ்கிரேயிலிருந்து என்றால் இரண்டு ஸ்டேஷன் தள்ளியுள்ள ஃபுட்ஸ்கிரேயில் மாறிக்கொள்ளலாம். வெஸ்ட் ஃபுட்ஸ்கிரேயின் பார்க்லி ஸ்ட்ரீட்டில் நம் மளிகைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு, சன்ஷைன் நார்த்தில் முருகன் கோவில் இருக்கிறது. வீடுகள் பழையவை, டார்னிட்டில் கிடைக்கும் நான்கு படுக்கையறைப் புது வீடு அதே வாடகைக்கு இங்கே கிடைக்காது. அதற்குப் பதிலாக ஒரு காரோடு சமாளிக்க முடியும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாங்கள் வந்த புதிதில் வாரத்துக்கு 60 டாலர் குறைகிறதே என்று ஸ்டேஷனுக்கு நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு புது எஸ்டேட்டில் (புதிதாக மனை பிரித்து வீடு கட்டும் பகுதியில்) வீடு எடுத்தோம். இரண்டாவது வாரமே பார்க்கிங் கிடைக்காமல், ஸ்டேஷனைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டியை ஓட்டிக்கொண்டே என் மனைவி அழுதுவிட்டாள், பின் சீட்டில் பையன் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு மாதத்தில் இரண்டாவது கார் வாங்கினோம். ரிஜிஸ்ட்ரேஷன் மட்டுமே வருடத்துக்கு 900 டாலரைத் தாண்டும், அதன் மேல் இன்சூரன்ஸ், பெட்ரோல், சர்வீஸ். மிச்சம் பிடித்த வாடகை போன இடம் தெரியவில்லை. இன்னொன்று, பிஆரில் வருபவர்கள் இந்திய லைசென்ஸில் ஆறு மாதம்தான் ஓட்டலாம், அதற்குள் விக்டோரியா லைசென்ஸுக்குத் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி வாங்க வேண்டும். 'கார் இருந்தால் போதும்' என்று ஏரியாவை முடிவு செய்வதற்கு முன்னால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

மகனின் விஷயம்தான் எனக்குக் கவலை, நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. விக்டோரியாவில் ஏப்ரல் 30-க்குள் ஐந்து முடிந்தால்தான் அந்த வருடம் பள்ளியின் முதல் வருடமான பிரெப்பில் சேர்ப்பார்கள். மே மாதப் பிள்ளை என்பதால் வரும் வருடம் முழுக்க அவன் கிண்டரில்தான், அதாவது பள்ளிக்கு முந்தைய வகுப்பில்தான் இருப்பான். அரசு 2023-இலிருந்து கிண்டரை இலவசமாக்கியிருக்கிறது. ஆனால் தனிக் கிண்டர் என்றால் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம்தான், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு அது ஆகாது. கிண்டர் வகுப்பும் சேர்ந்த, காலை முதல் மாலை வரை இயங்கும் லாங் டே கேர் உங்களுக்குத் தேவை, அதற்குக் கட்டணத்தில் அரசு மானியம் உண்டு, பிஆர் வந்தவுடனேயே விண்ணப்பிக்கலாம். இடம் கிடைப்பதுதான் பாடு. வீடு பார்ப்பதற்கு முன்பே, கோவையில் இருந்தபடியே, நினைத்திருக்கும் ஏரியாவில் ஐந்தாறு சென்டர்களுக்கு ஃபோன் போட்டு வெயிட்டிங் லிஸ்டில் பெயர் கொடுத்துவிடுங்கள், காலை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதையும் கேளுங்கள். உங்கள் ஷிஃப்டுக்கு எப்படியும் கணவர்தான் கொண்டு விட வேண்டியிருக்கும், அதனால் அவருடைய ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சென்டர் இருப்பது நல்லது.

மகள் ஜனவரி கடைசியில் ஏழாம் வகுப்பில், அதாவது ஹைஸ்கூல் முதல் வருடத்தில் சேருவாள். அண்ணி சொல்வதில் உண்மை இருக்கிறது, கிளென் வேவர்லி செகண்டரி காலேஜுக்கு நல்ல பெயர். ஆனால் சபர்ப் பெயரை வைத்து அங்கே இடம் தரமாட்டார்கள், ஜோன், அதாவது வீடு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்று பார்த்துத்தான் தருவார்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி என்றெல்லாம் கோடு போகும். அரசின் 'ஃபைண்ட் மை ஸ்கூல்' தளத்தில் வீட்டு எண்ணோடு முகவரியைப் போட்டு, எந்த வருடம் என்பதையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், ஏஜென்ட் விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி லீஸில் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளை படிப்பில் கெட்டி என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. மாக்ராபர்ட்சன் பெண்கள் பள்ளி, வெரிபியில் சூசன் கோரி, பெரிக்கில் நாசல் ஆகியவை தேர்வு வைத்து ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கும் அரசுப் பள்ளிகள். எட்டாம் வகுப்பு படிக்கும்போது தேர்வு, எந்தச் சபர்பிலிருந்தும் எழுதலாம். அதற்காகப் பிள்ளையை இறங்கிய நாளிலிருந்து டியூஷனுக்கு ஓட்டாதீர்கள், புது ஊர், புது மொழிப் பேச்சு, முதல் வருடம் அவளுக்குத் தோழிகள் கிடைத்தாலே நிறைவு.

கேள்வி: ஊரிலிருந்தே ஆன்லைனில் வீடு பிடித்து அட்வான்ஸ் கட்டிவிடலாமா? (மதுரை வாசகர்)

பதில்: வேண்டாம். வீட்டு ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவியை கூரியரில் அனுப்புவார் என்று சொல்லும் விளம்பரம் நூற்றுக்கு நூறு ஏமாற்று. அழகான படங்களும் அக்கம்பக்கத்தைவிடக் குறைந்த வாடகையும் இருக்கும், அதுதான் தூண்டில். மூன்று நான்கு வாரத்துக்குத் தற்காலிகமாக ஓர் இடம் எடுத்துக்கொண்டு, நேரில் போய் இன்ஸ்பெக்ஷன் பாருங்கள்.

கணக்கையும் புரிந்துகொள்ளுங்கள். அங்கே வாடகையை வாரத்துக்குச் சொல்வார்கள். வாரம் 550 டாலர் என்றால் மாதம் 2,200 என்று நாம் நான்கால் பெருக்கிவிடுவோம். 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2,383 வரும், அதுதான் மாத வாடகை. வாரம் 900 டாலர் வரையிலான வீட்டுக்கு பாண்ட் என்கிற அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, முன்கூட்டிய வாடகையும் ஒரு மாதம்தான். அந்த பாண்ட் ஓனர் கையில் இருக்காது, ஆர்டிபிஏ என்ற அரசு அமைப்பிடம் போய்விடும், அதற்கு ரசீதும் உங்களுக்கு வரும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காலி பண்ணும்போது பெயின்ட் கூலிக்குக் கெஞ்சியவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்று தெரியும். விளம்பரத்தில் போட்டதைவிட அதிக வாடகை வாங்குவதும் 2025 நவம்பர் 25 முதல் சட்டப்படி தப்பு, நீங்களாகவே கூட்டிக் கொடுக்க முன்வந்தாலும் வாங்கக் கூடாது. புதிதாக வருபவருக்கு அங்கே வாடகைக்கு இருந்த வரலாறு இருக்காது, அதனால் வேலை ஆர்டர், வங்கி இருப்பு, ஊரில் இருந்த வீட்டு ஓனரிடம் ஒரு கடிதம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

வீட்டைப் பார்க்கும்போது ஹீட்டரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முக்கிய ஹாலில் ஹீட்டர் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, படுக்கையறைக்கு அது பொருந்தாது. பிள்ளைகள் தூங்கும் அறையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் ஹால் ஜன்னல் வடக்கைப் பார்த்து இருக்கிறதா என்று போனில் திசைகாட்டி வைத்துப் பாருங்கள், பூமியின் தெற்குப் பாதியில் வெயில் வடக்கிலிருந்துதான் வரும். ஜூலையில் அந்த ஜன்னலோரம் தரையில் நீளமாக விழும் வெயிலில் உட்கார்ந்து காபி குடித்தவர்கள் வேறு வீட்டுக்குப் போக யோசிப்பார்கள். சாவி வாங்கியதும் கண்டிஷன் ரிப்போர்ட் என்று ஒரு படிவம் தருவார்கள். ஐந்து வேலை நாட்களுக்குள் கார்ப்பெட் கறை, ஓவன் உள்ளே பிசுக்கு, சுவரில் ஆணி ஓட்டை எல்லாவற்றையும் எழுதி, போட்டோவோடு திருப்பிக் கொடுங்கள். சோம்பல்பட்டு அப்படியே கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு வருடம் கழித்து யாரோ போட்ட கறைக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: வாடகை வீணாகப் போகிறதே, போனவுடன் வீடே வாங்கிவிட்டால் என்ன?

பதில்: ஒரு வருடமாவது வாடகைக்கு இருங்கள் என்பேன். தற்காலிக விசா என்றால் 2025 ஏப்ரல் 1 முதல் பழைய வீடு வாங்கவே தடை இருக்கிறது. பிஆர் என்றால் தடையில்லை, முதல் வீட்டுக்கு 600,000 டாலர் வரை முத்திரைத் தீர்வை கிடையாது, 750,000 வரை சலுகை. இந்தச் சலுகையைக் காட்டித்தான் புது எஸ்டேட்டுகளில் நிலமும் வீடுமாக விற்பார்கள், விற்பனை அலுவலகத்தில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் ஸ்டேஷன், பள்ளி, ஷாப்பிங் சென்டர் எல்லாம் பச்சை நிறத்தில் இருக்கும். எதிர்காலத்தில் வரும் என்று பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள். பணம் ஒதுக்கி வேலை தொடங்கியதை மட்டும் கணக்கில் வையுங்கள். ஏலத்தில் எடுத்த வீட்டுக்கு மனம் மாறினால் பின்வாங்க முடியாது, நேரடி விற்பனையில் மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு, அதுவும் ஒரு சிறு தொகையை இழந்துதான்.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்போர்ன் போகிறோம், அம்மாவும் எங்களோடு வருகிறார். நம்மட ஆட்களும் கோவிலும் பக்கத்தில் இருக்கிற இடமாகப் பார்ப்பதா, விலை குறைந்த இடமாகப் பார்ப்பதா?

பதில்: அம்மா வருகிறார் என்றால் என் பதில் கொஞ்சம் மாறும். நீங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை அந்த ஏரியாவில் வாழப்போவது அவர்தான். கோவிலுக்கு வாரம் ஒருமுறை காரில் போய்விடலாம், காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலுக்குத் தூரத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். பிள்ளைகளுக்குத் தமிழும் சனிக்கிழமை வகுப்புகளில் கிடைக்கும், பன்னிரண்டாம் வகுப்பில் தமிழைப் பாடமாகவே எழுதலாம். அம்மாவுக்கு வேண்டியது நடந்து போகிற தூரத்தில் ஒரு கடைத்தெரு, ஒரு லைப்ரரி, தமிழில் நாலு வார்த்தை பேச ஒரு மனுஷி. கிளேட்டன், டாண்டினாங் பக்கம் ஈழத்தமிழர் குடும்பங்கள் கணிசமாக இருக்கின்றன, கடைத்தெருவும் ஸ்டேஷனும் ஒட்டியே இருக்கும், முதலில் அங்கே பாருங்கள். வீடு பிடித்திருந்தால் கையெழுத்துக்கு முன் வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், வாசலிலிருந்து கடை வரை அவரோடு ஒருமுறை நடந்து பாருங்கள். நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா, ரோட்டைக் கடக்க சிக்னல் இருக்கிறதா, வழியில் உட்கார ஒரு பெஞ்ச் இருக்கிறதா, திரும்பி வரும்போது அவர் மூச்சு வாங்குகிறாரா என்று கவனியுங்கள்.