பண்டிகைக் காலம் நெருங்கினாலே பதற்றம் வருகிறது. கொழும்பில் இருப்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர் வெள்ளவத்தையில் இரண்டு அறை வீடொன்றில் கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மாவுடன் இருக்கிறார். நத்தாரையொட்டிக் கனடாவிலிருந்து பெரியம்மா குடும்பம் வந்து தங்கப்போகிறது. அதை நினைத்தே இரவில் நெஞ்சு படபடத்து நித்திரை கலைகிறது, அம்மாவிடம் சொல்லவும் முடியவில்லை என்கிறார். நானும் காலி வீதியோரம் அதே அளவு வீட்டில் இருப்பவள்தான். ஆகவே யோகாசனம் செய்யுங்கள், நல்லதையே நினையுங்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை.

டிசம்பர் பிறந்தால் கொழும்புத் தமிழ் வீடுகள் தங்குமடங்களாகிவிடுகின்றன. கட்டுநாயக்கவில் நள்ளிரவுக்குப் பின் வந்திறங்குகிறவர்கள் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ புறப்படும்வரை நம்மிடம். திரும்பும்போதும் நம்மிடம். நடுவில் செட்டியார் தெருவில் நகை பார்க்க, புறக்கோட்டையில் துணி எடுக்க என்றால் அப்போதும் நம்மிடம். மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் மாதத்தின் முதற்பாதியில் கல்யாண வீடுகள் முண்டியடிக்கும். மிஞ்சியவை தைக்குப் போகும். நத்தார், புதுவருடம், பொங்கல், பிள்ளைகளின் சப்பாத்து, கொப்பி எல்லாம் ஒரே மாதக் கணக்கில் வந்து விழும். நத்தாருக்கு முன்பே சம்பளம் போட்டுவிடும் இடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஜனவரி எவ்வளவு நீளமான மாதம் என்று தெரியும். இவ்வளவையும் தலையில் வைத்துக்கொண்டு ஒருவருக்கு நெஞ்சு படபடக்காவிட்டால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

ஆனால் நான் பார்த்தவரையில் வேலை நம்மைக் களைக்க வைக்கிறதே தவிர நித்திரையைக் கெடுப்பதில்லை. கெடுப்பது முடிவாகாமல் கிடக்கும் விஷயங்கள். பெரியம்மா எத்தனை நாள் நிற்பார், யார் எந்த அறையில் படுப்பது, ஊருக்குப் போகும் வானுக்கு யார் காசு கொடுப்பது, ஒரே குளியலறைக்குக் காலையில் யார் முதலில் போவது. இவற்றை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாம். கேட்காததால் மனம் இரவு இரண்டு மணிக்குத் தானே எழுந்திருந்து எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கணக்குப் போடுகிறது. டிக்கெட் போட்டாயிற்று என்ற செய்தி வந்த அன்றே கேட்டுவிடுங்கள். அன்றைக்கு அது ஏற்பாடு. பெட்டிகள் வாசலுக்கு வந்த பிறகு கேட்டால் அதே கேள்வி அவமானம். வெளிநாட்டிலிருப்பவர்கள் இப்படிக் கேட்பதைக் குறையாக எடுப்பதில்லை என்பதும் என் அனுபவம். முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் இங்கே நம்முடனேயே இருப்பவர்கள்.

வருகையைவிடப் புறப்பாடு மோசம். அதற்கும் இப்போதே ஏதாவது யோசித்து வையுங்கள். கடைசி இரண்டு நாளில்தான் மிளகாய்த்தூள் நினைவுக்கு வரும். "அங்கே கிடைக்கிறதுதான், ஆனால் நம்முடைய வறுவல் இல்லை" என்பார்கள். அடுக்குமாடிக் குசினியில் செத்தல் மிளகாய் வறுத்தால் மூன்றாம் மாடியில் தும்மல், நான்காம் மாடியில் இருமல், ஐந்தாம் மாடியிலிருந்து காவலாளிக்குத் தொலைபேசி. பிறகு நடைவழியில் பெட்டிகளைத் திறந்துபோட்டு எடை பார்க்கும் படலம். அத்தான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தராசில் ஏறி நிற்பார், தன் எடையைக் கழிப்பார், ஒரு கிலோ கூட என்பார். ஒடியல் வெளியே வரும், பினாட்டு உள்ளே போகும், யாரோ கோபித்துக்கொள்வார்கள். இப்போதெல்லாம் நான் தூளை வெளியே சொல்லி இடித்து, பொதி செய்தே வாங்கிவிடுகிறேன். கைப்பக்குவம் போய்விட்டது என்று ஒரு முணுமுணுப்பு எழும். எழட்டும்.

காசு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கடுமையான அபிப்பிராயம் உண்டு. வந்தவர்களுக்கு முன்னால் குறைவாகத் தெரியக் கூடாது என்று நகையை அடகு வைத்துக் கொண்டாடுவதில் எந்தக் கௌரவமும் இல்லை. அரசாங்க வேலையில் இருப்பவர்கள் பண்டிகை முற்பணத்தை ஏதோ பரிசு கிடைத்த மாதிரிச் செலவழிப்பதைப் பார்க்கிறேன். அதைத் தவணை தவணையாகச் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்பது பொங்கல் கழிந்த பிறகுதான் உறைக்கும். ஒரு கொப்பியில் மார்ச் வரைக்குமான வரவு செலவைப் பென்சிலால் எழுதிப் பாருங்கள். தொகை நல்லதாக இராது. ஆனாலும் எழுதிய தொகைக்கு ஓர் எல்லை உண்டு, எழுதாததற்கு இல்லை.

இனி உடம்பு. பண்டிகைக் காலத்தில் போகிற வீடெல்லாம் தேநீர் அல்லது கோப்பி, கூடவே கேக். வேண்டாம் என்றால் மனம் நோவார்கள் என்று எல்லா வீட்டிலும் குடிப்போம். கஃபீன் பாதியளவு கரையவே பலருக்கும் ஐந்து மணித்தியாலம் வரை எடுக்கும். மாலை ஆறு மணிக் கோப்பி பதினொரு மணிக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். பதற்றம் என்று நாம் பயப்படும் படபடப்பில் ஒரு பங்கு அதுதான். பின்னேரத்துக்குப் பிறகு வெந்நீரோ மல்லித் தண்ணீரோ கேளுங்கள். வயிறு சரியில்லை என்றால் எந்த மாமியும் வற்புறுத்த மாட்டார். மது இன்னொரு பொறி. குடிக்கும்போது மனம் தளர்ந்த மாதிரி இருக்கும், போதை இறங்கும்போது பதற்றம் இரட்டிப்பாகும். இதை உங்கள் கணவருக்கும் வாசித்துக் காட்டலாம்.

படபடப்பு வந்துவிட்டால் நான்கு எண்ணி மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்பு வேலை செய்யும். சில நிமிடங்கள் தொடர்ந்தால் தணிவது தெரியும். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது இதைச் செய்ய உகந்த இடம் குளியலறைதான், வேறு எங்கும் கதவைப் பூட்ட முடியாது.

கொழும்பில் பேசப்படாத ஒன்றும் இருக்கிறது. இந்த நாட்டில் எல்லோருக்கும் பண்டிகை நாள் சந்தோஷ நாள் அல்ல. நத்தாருக்கு மறுநாள், 2004 டிசம்பர் 26, சுனாமி வந்தது. கரையோர ஊர்களிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் எத்தனையோ பேருக்கு அது திவச நாள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்த பிறகு பண்டிகைத் திருப்பலியில் வாசலுக்குப் பக்கத்து இருக்கையையே தேடுபவர்களை எனக்குத் தெரியும். வன்னியில் போரின் கடைசிவரை இருந்து வந்த என் மாமி ஒருவர் 31ஆம் திகதி இரவு முழுவதும் குந்திக்கொண்டே இருப்பார். பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்துக் கப்பல்கள் ஊதும், நாலா திசையிலும் வெடி கொளுத்துவார்கள். அவரோ சுவரோடு ஒட்டி, காதைப் பொத்தாமல், கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு இருப்பார். பயப்படாதீர்கள் என்று சொல்வதில் பயனில்லை என்று எங்களுக்குப் புரியக் காலம் எடுத்தது. இப்போது பதினொன்றரைக்கே அவரிடம் சொல்லிவிடுகிறோம்: "இன்னும் அரை மணித்தியாலத்தில் வெடி தொடங்கும் மாமி, வெறும் சீன வெடிதான், கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும்." யன்னலைச் சாத்தி, மின்விசிறியைக் கூட்டி வைத்து, யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்போம். உங்கள் அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ அப்படி ஏதாவது இருக்கக்கூடும். டிசம்பரில் காரணமில்லாமல் எரிந்துவிழும் பெரியவர்களிடம் ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கென்று ஒரு மணித்தியாலமாவது வேண்டும். திருவெம்பாவை நாட்களில் விடியற்காலைப் பூசைக்குப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலுக்குப் போவது எனக்கு உதவுகிறது. பக்தி எவ்வளவு என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, அதுதான் காரணம். கோவில் பழக்கம் இல்லையென்றால் பின்னேரம் மரைன் ட்ரைவில் ரயில் பாதையோரம் நடக்கலாம்.

பண்டிகை முடிந்து, எல்லோரும் போய், இரண்டு மூன்று கிழமையாகியும் படபடப்பும் நித்திரையின்மையும் தொடர்ந்தால் வைத்தியரிடம் போங்கள். தைராய்டு கூடினாலும் இரத்தசோகை இருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 1926 என்பது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். அந்த நிறுவனம் அங்கொடையில் இருக்கிறது என்பதால்தான் பலர் தயங்குகிறார்கள். ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் நம் ஆட்களின் பகிடிக்குப் பயந்து உங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அம்மாவிடம் சொல்லாதீர்கள், அவர் அக்காவுக்கும் மகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். பெரியம்மாவையே நேராக வட்ஸ்அப்பில் அழையுங்கள். "பெரியம்மா, நீங்கள் வருவது எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம். எங்கள் வீட்டில் மூன்று இரவு வசதியாகத் தங்கலாம். மற்ற நாட்களுக்குப் பக்கத்து ஒழுங்கையில் நாள் வாடகை வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், சாப்பாடு மூன்று நேரமும் இங்கேதான்" என்று சொல்லுங்கள். அழைப்பதற்கு முன் அந்த வீட்டை உண்மையாகவே பார்த்து, வாடகையையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மா அடுத்ததாகக் கேட்கப்போவது அதைத்தான்.