ரேடியாலஜி சீட்டுக்காக நிலத்தை விற்காதீர்கள்

சேலம் பக்கத்து அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்திருந்தார். மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்துவிட்டாள். பச்சிளங்குழந்தை வார்டில் ஒரு குறைமாதக் குழந்தைக்குத் தலை ஸ்கேன் எடுப்பதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. ஆனால் முதுநிலைப் படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வில் அவள் வாங்கிய ரேங்க்குக்கு அரசுக் கல்லூரியில் ரேடியாலஜி, அதாவது ஸ்கேன் எடுத்துப் படிக்கும் மருத்துவம், கிடைக்காது. தாய்மாமா முடிவே எடுத்துவிட்டார்: நிலத்தை விற்று மேனேஜ்மென்ட் சீட், அப்புறம் சேலம் ஐந்து ரோட்டில் சொந்த ஸ்கேன் சென்டர்.

பயப்படாதீர்கள் அம்மா, உங்கள் மகளுக்கு வழி இருக்கிறது. ஆனால் அது மாமா சொல்லும் வழி இல்லை.

அவள் பார்த்தது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறந்த குழந்தையின் உச்சிக்குழியில் எலும்பு இன்னும் மூடியிருக்காது. அதன் மேல் கொஞ்சம் ஜெல் தடவி, புரோப் என்ற சின்ன ஸ்கேன் கருவியை வைத்தால் ஒலியலை உள்ளே போய் மூளையைத் திரையில் காட்டிவிடும். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து இல்லை. குழந்தையை இன்குபேட்டரிலிருந்து எடுக்கக்கூட வேண்டாம், மெஷினே அங்கே வரும். ரேடியாலஜிஸ்ட் புரோபை முன்னிருந்து பின்னாகச் சாய்த்துப் பார்ப்பார், பிறகு திருப்பி வைத்துப் பக்கவாட்டில் பார்ப்பார். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு மூளையின் நீரறைகளை ஒட்டிய இரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. கசிவு வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று, நான்கு நாட்களிலேயே வந்துவிடும். அதை நான்கு தரமாகப் பிரித்து எழுதுவார்கள். 1978-இல் பாப்பில் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் வகுத்த முறை அது. அதோடு முடிவதில்லை. நீரறை வீங்குகிறதா என்று திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். மூளையின் வெண்பகுதியில் ஏற்படும் சேதம் முதல் வாரத்தில் தெளிவாகத் தெரியாமல், சில வாரம் கழித்துத்தான் சின்னச் சின்ன நீர்க்கட்டிகளாகத் தெரியும். அதனால் பிறகும் ஒரு ஸ்கேன் வேண்டும். மூச்சுத்திணறிப் பிறந்த நிறைமாதக் குழந்தையென்றால் இந்த ஸ்கேன் மட்டும் போதாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

இந்த ஸ்கேன் நடக்கும் இடம் பெரிய மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு. ஐந்து ரோட்டு சென்டருக்கு இன்குபேட்டர் குழந்தை வராது. மூன்று வருடக் கட்டணம் கோடியைத் தொடுகிற கல்லூரிகள் உண்டு. மெஷினுக்குத் தனிக் கடன். அந்த வட்டியைக் கட்ட உங்கள் மகள் காலை முதல் இரவு வரை வயிற்று ஸ்கேன்தான் எடுத்துக்கொண்டிருப்பாள். எதற்காக இந்தப் படிப்புக்கு ஆசைப்பட்டாளோ, அது அவள் கைக்கே வராது.

இன்னொன்றும் கேட்டேன். ஸ்கேன் எடுத்த டாக்டர் ரிப்போர்ட் எழுதிவிட்டுப் போன பிறகு, உங்கள் மகள் தினமும் அந்தக் குழந்தையைப் பார்க்கப் போயிருக்கிறாள். பால் எத்தனை மில்லி ஏறியது, தலைச்சுற்றளவு எவ்வளவு என்று விசாரித்திருக்கிறாள். அவளுக்குப் பிடித்தது திரை இல்லை, குழந்தை. அவள் படிக்க வேண்டியது குழந்தை மருத்துவம், அதற்குமேல் பச்சிளங்குழந்தை மருத்துவம். இன்று தலை ஸ்கேனைத் தாங்களே படுக்கையருகில் எடுத்துப் பார்க்கும் பச்சிளங்குழந்தை டாக்டர்கள் நிறையப் பேர். சந்தேகம் வரும் படத்துக்கு ரேடியாலஜிஸ்ட் எப்போதும் வேண்டும், அது வேறு.

அதற்கு ஒரு வழி இருக்கிறது, உறவினர்கள் யாரும் வாயைத் திறந்து சொல்லாத வழி. தமிழ்நாடு அரசு டாக்டர்களைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எம்.ஆர்.பி.யின் தேர்வு எழுதி அரசு உதவி மருத்துவராகச் சேர்வது. சம்பள விகிதம் 56,100-இல் தொடங்குகிறது. நாகலூர் போல ஏற்காடு மலையில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் கிடைத்தால் முகம் சுளிக்க வேண்டாம். காபித் தோட்டத்து ஊர்களிலிருந்து வரும் கர்ப்பிணிகளையும், எடை குறைந்து பிறந்த குழந்தைகளையும் அவள் நேரில் பார்ப்பாள். எந்தக் குழந்தையை எப்போது கொண்டை ஊசி வளைவுகள் இறக்கி சேலம் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கக் கற்பாள். குறிப்பிட்ட வருடப் பணிக்குப் பிறகு, மாநில முதுநிலை இடங்களில் பணியிலிருக்கும் அரசு டாக்டர்களுக்கான 50 சதவீத ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். மலைப்பகுதி, கடினப்பகுதி என்று அரசு வகைப்படுத்திய இடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. படிக்கும் காலத்தில் சம்பளம் நிற்காது. பச்சிளங்குழந்தை சிறப்பு மேற்படிப்புக்கும் தமிழ்நாடு அரசுக் கல்லூரிகளில் இதே மாதிரி ஒதுக்கீடு இருக்கிறது.

நீட் பி.ஜி.யை அவள் திரும்ப எழுத வேண்டும், அதில் சலுகை இல்லை. படித்து முடித்தபின் அரசுப் பணியில் தொடர வேண்டும் என்ற ஒப்பந்தமும் உண்டு. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. அந்த வருடச் சேர்க்கை விளக்கக் குறிப்பேட்டை (பிராஸ்பெக்டஸை) அவளே வரி வரியாகப் படிக்கட்டும். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவதா வேண்டாமா என்பதை மாமா முடிவு செய்யக் கூடாது, நீங்களும் கூடாது.