ஆசிரியராக, நீங்கள் பார்த்துவிட்டு வந்த பழமையான இடங்களை மாணவர்களிடம் எப்படிக் கொண்டு சேர்க்கிறீர்கள்?

அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். விடுமுறை கிடைத்தால் கோயில், கல்வெட்டு என்று கிளம்பிவிடுவேன். எடுத்த போட்டோக்களை வரிசையாகக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். அதனால் ஓர் ஊரிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்து, அதை வகுப்பிலேயே செய்து பார்க்க வைப்பேன்.

உதாரணம், காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்பவை அவை. ஒன்று 919ஆம் ஆண்டு, இன்னொன்று 921. பாடப் புத்தகத்தில் சில வரிகளில் முடிந்துவிடும் விஷயம், அங்கே சுவர் நிறையப் பொடி எழுத்தாக ஓடுகிறது.

ஊர் திரும்பியதும் ஒரு பானையும் பனையோலை நறுக்குகளும் தயார் செய்தேன். ஆளுக்கொரு சீட்டும் கொடுத்தேன்: நெசவாளி, குயவர், கணவரை இழந்த பெண், நிலமுள்ள 32 வயது பிராமணர், கணக்குக் காட்டாத பழைய உறுப்பினர் என்று. பிள்ளைகளின் சொந்தக் குடும்ப விவரத்தை வைத்து இதை ஒருபோதும் செய்யக் கூடாது, மனம் நோகும்.

எல்லோரையும் நிற்கச் சொல்லிவிட்டு, சபைக்குத் தகுதி பெற வேண்டிய விதிகளை வாசித்தேன்; சீட்டிலுள்ள ஆளுக்கு விதி பொருந்தாவிட்டால் உட்கார வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும் (வேலி என்பது பழைய நில அளவு). சொந்த மனையில் வீடு வேண்டும். பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். வேதம் கற்றிருக்க வேண்டும் என்றதும் கிட்டத்தட்ட எல்லோருமே உட்கார்ந்துவிட்டார்கள். அது பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். மக்களாட்சிக்கு அன்றே வழிகாட்டினோம் என்று பெருமையோடு நிறுத்திவிடாமல், யாருக்கு இடமில்லை என்பதையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 32 வயதுக்காரர் 919 விதிப்படி நிற்கலாம், அப்போது வயது 30 முதல் 60. 921இல் அது 35 முதல் 70 ஆனது. அந்தச் சீட்டு வைத்திருந்த பையன் கடைசிவரை வாதாடினான்!

அவர்களுக்கு மிகவும் பிடித்தது ஓலை எடுக்கும் முறைதான். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒருவன் எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து மாற்றிவிட முடியாது. ஒன்றாம் வகுப்புக் குழந்தையை அழைத்து வந்து அப்படியே செய்தோம். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் நிற்கவே முடியாது என்ற விதியை வகுப்புத் தலைவர் தேர்தலுக்கும் வைக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். உறவினரைச் சேர்ப்பது நியாயமா என்று பெரிய சண்டையே நடந்தது. அந்தப் பீரியடை அதற்கே விட்டுவிட்டேன்.

நேரில் போகிற ஆசிரியர்களுக்கு ஒன்று: எழுத்து தெரியவில்லை என்று கல்லில் சாக்பீஸ் தேய்க்க வேண்டாம். செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து நன்றாகத் தெரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் வெட்டியிருப்பார்கள், நாலு வரி பழகினால் பிடிபடும்.