இறப்புச் சான்றிதழில் சாவுக்கான காரணம் ஏன் இல்லை?

அப்பாவின் இறப்புச் சான்றிதழில் காரணமே இல்லையே, அதிகாரி விட்டுவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, சட்டமே அப்படித்தான். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17-ஆம் பிரிவு: பதிவேட்டில் காரணம் இருக்கலாம், ஆனால் யாருக்குத் தரும் நகலிலும் அது வெளிப்படக் கூடாது.

இது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். வங்கிக்கும் பட்டா மாற்றத்துக்கும் அந்தச் சான்றிதழை எத்தனை பேரிடம் நீட்டுகிறோம்! எய்ட்ஸ் என்றோ தற்கொலை என்றோ அதில் இருந்தால் வீட்டில் இருப்பவர்களைத்தான் ஊர் பேசும்.

காரணம் தெரிய வேண்டுமானால் மருத்துவர் தரும் இறப்புக் காரணச் சான்றிதழைக் கேளுங்கள். மருத்துவமனையில் நடந்த இறப்பு என்றால் நெருங்கிய உறவினருக்கு ஒரு பிரதி தர வேண்டும் என்று 2023 திருத்தம் சொல்கிறது. கொரோனா நிவாரணம் 50,000 ரூபாய்க்குக் காரணத்தைக் காட்ட வேண்டியிருந்தபோதுதான் பலருக்கு இதன் அருமை தெரிந்தது.

அப்புறம், பதவியில் இருப்பவர்கள் கதை வேறு; அங்கே மறைத்தால் வதந்திதான் வளரும். 2016-இல் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த 75 நாட்களும் தகவல் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. வதந்தி ஓயாமல், கடைசியில் அவர் மரணத்தை விசாரிக்க அமைத்த ஆறுமுகசாமி ஆணையம் வரை போனது.