மாதம் குறைந்த பிள்ளையின் மூச்சு: கேள்வி பதில்

பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி ஒருவர், வன்னி வாசகர்களுக்குப் பதில் தருகிறார்.

புதுக்குடியிருப்பு, ஒரு தாய்: மிஸி, எனக்கு 30 கிழமை. வயிற்றுநோவோடு வாட்டில் இருக்கிறேன். பிள்ளையின் நுரையீரலுக்கென்று எனக்கு ஊசி போடுகிறார்கள். ஏன்?

அது ஸ்டெரொயிட், பிள்ளை. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிப்போகாமல் இருக்க உள்ளே ஒரு பூச்சு வேண்டும். சர்ஃபக்டன்ற் என்பார்கள். 34, 35 கிழமையளவில்தான் அது போதியளவு ஊறும். அதற்கு முதல் பிறந்தால் ஒவ்வொரு மூச்சும், நனைந்து ஒட்டின சொப்பிங் பாக்கைப் பிரிக்கிற பாடுதான். உங்களுக்குப் போடுகிற மருந்து தொப்புள்கொடி வழியே போய் அந்தப் பூச்சை முந்தியே ஊறவைக்கும். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற வைத்தியர் முதலில் கண்டது செம்மறியாட்டில். ஹோவி என்ற இன்னொரு வைத்தியரோடு சேர்ந்து தாய்மாரில் நிரூபித்தது 1972இல். போடுவது டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரொயிட் என்றால் 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. இடையில் நோ குறைந்துவிட்டது என்று துண்டு வெட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.

துணுக்காய், ஒரு தகப்பன்: 29 கிழமையில் பிறந்த மகனுக்கு மூக்கில் குழாய். ஒக்சிசனைக் கூட்டச் சொன்னால் கேட்கிறார்கள் இல்லை.

அது சீபாப், தம்பி. மூச்சு எடுப்பது மகன்தான். காற்றறை சுருங்காமல் மெஷின் அழுத்தம் கொடுக்கிறது. ஒக்சிசன் அளவுக்கு மிஞ்சினால் கண்ணின் விழித்திரை பழுதாகும். அதனால்தான் இரத்தத்தில் ஒக்சிசன் அளவை நூற்றுக்கு 90க்கும் 95க்கும் இடையில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்களோடு சண்டை வேண்டாம்.

நெடுங்கேணி, ஒரு அம்மம்மா: பேத்தி வீட்டுக்கு வந்திட்டாள். தோயவார்த்துச் சாம்பிராணி காட்டலாமோ?

கூடாது அம்மா. சாம்பிராணி, நுளம்புத்திரி, விறகடுப்பு, மருமகனின் சிகரெட் எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். நுளம்புக்கு வலை போடுங்கள். 31ஆம் நாள் சடங்குக்கு வருகிறவர்களில் தடிமன் உள்ளவர்கள் முற்றத்தோடு நிற்கட்டும். கோபித்தால் கோபிக்கட்டும்.

மாங்குளம், ஒரு சித்தி: தங்கச்சியின் பிள்ளை விட்டு விட்டு மூச்சு எடுக்குது.

ஐந்து, பத்து செக்கன் நின்று தானாகத் தொடர்ந்தால் குறைமாதப் பிள்ளைக்கு வழமைதான். 20 செக்கன் நின்றாலோ உதடு நீலமானாலோ உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். அப்புறம், பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி முழு நிமிடம் எண்ணுங்கள். 60க்கு மேல் போனாலும், விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், மூச்சு விடும்போது முனகினாலும் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். கொண்டுபோகும்போது தாயின் நெஞ்சோடு தோல் படச் சேர்த்துக் கட்டுங்கள். குளிர்ந்தால் மூச்சு இன்னும் மோசமாகும்.

அதே சித்தி: தாய்க்கு ஏலாவிட்டால் தகப்பன் அப்படி வைத்திருக்கலாமோ?

ஓம், சேட்டைக் கழற்றிவிட்டு.